கார்ட்டூனில் வந்த பாம்பாட்டி

நானும் மனைவியும் நாங்கள் குடியேறிய கிளேட்டனில் ஒரே ஆங்கில வகுப்புக்குப் போகிறோம். ஒருநாள் ஆசிரியை பழைய அமெரிக்கக் கார்ட்டூன் ஒன்றைப் போட்டுக் காட்டி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதில் ஒரு கறுப்பு மனிதருக்கு முகத்தில் பாதியை உதடாகவே கீறியிருந்தார்கள். பக்கத்தில் தலைப்பாகையோடு ஒரு பாம்பாட்டி. அவன் எங்கள் பக்கத்து ஆள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

எங்களோடு படிக்கும் சூடான்காரர் எழுந்து, "இது என்னுடைய வாய் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் அப்படிப் பார்த்து வெகுநாளாகிறது. பாம்பாட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அதை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

பஸ்ஸிலும் மனைவிக்கு அவர் கதைதான்.

"என்ன வடிவாச் சொன்னவர், கேட்டனீங்களோ?"

"ஓம்" என்றேன். பிறகு பொறுக்க முடியாமல், "எங்கட ஆளின்ரை கையில பாம்பைக் குடுத்து விட்டிருக்கிறாங்கள். நான் பாம்பெண்டால் கதிரையில ஏறி நிக்கிற ஆள்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மனம் குளிர்ந்தது. கண்ணைத் துடைத்தபடி அவள் சொன்னாள்:

"இதை அடுத்த கிளாசில அவரிட்டைச் சொல்லுங்கோ. அவருக்குத்தான் நல்லா விளங்கும்."

சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.