வலிக்கல்லே

என் கணவரின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுபோனது, சபைக்குப் பெஞ்சு அறுத்துக்கொண்டிருந்தபோதுதான். வேறு எந்த வேலையில் நடந்திருந்தாலும் என் மனம் அவ்வளவு உடைந்திருக்காது. கர்த்தருடைய வீட்டுக்கென்று அளந்து வைத்த பலகை அது. அதன் மேலேயே அவருடைய ரத்தம் கொட்டியது. பிரியமானவர்களே, என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் எஸ்தர். பிறந்தது கம்பம் பக்கம், வாழ்க்கைப்பட்டது கேரளத்து வண்டிப்பெரியாரில். கணவர் தங்கராஜ் இங்கேயே எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்கு ஒரு சின்ன மரப்பட்டறை உண்டு. கட்டில், கதவு, சுற்றுலாக்காரர்கள் தங்கும் வீடுகளுக்கு மேசை நாற்காலி என்று சில்வர் ஓக் பலகையில்தான் எங்கள் பிழைப்பு.

பட்டறையில் ஒரு ரேடியல் ஆர்ம் ரம்பம் இருக்கிறது. நாங்கள் அதை இழுப்பு மிஷின் என்போம். மேசைக்குப் பின்னால் ஒரு தூண், தூணிலிருந்து முன்னால் நீளும் ஓர் இரும்புக் கை, அந்தக் கையில் மோட்டாரோடு தொங்கும் வட்ட ரம்பம். பலகையை மேசையில் அசையாமல் வைத்துவிட்டு, அதற்கு மேலே தொங்கும் ரம்பத்தை நம்மை நோக்கி இழுத்து அறுக்க வேண்டும். நம்மை நோக்கி என்பதை மறந்துவிடாதீர்கள், காரியமே அதில்தான் இருக்கிறது.

பழைய கொட்டகையின் பின்புறம் மண் சரிய ஆரம்பித்ததால், போன வருஷம் மழைக்கு முன்பே புதுக் கொட்டகை போட்டு மிஷினை அங்கே மாற்றினோம். மழை ஓய்ந்ததும் அவர் கையில் எடுத்த முதல் பெரிய வேலை சபைப் பெஞ்சுகள். அன்றைக்கு ரம்பம் அவர் இழுப்பதற்கு முன்னால் தானாகப் பாய்ந்து வந்தது. நான் பக்கத்தில் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

காயம் ஆறியது, மனிதர் ஆறவில்லை. பட்டறைப் பக்கமே போக மாட்டார். ஆராதனைக்கும் வருவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார்.

"கர்த்தர் என்னைய அடிச்சிட்டாரு எஸ்தரு. எதுக்குன்னுதான் தெரியல."

விசாரிக்க வந்தவர்களில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். சிலர் ஆராய்ச்சி செய்தார்கள். "ஏதாவது மறைவான காரியம் இருக்கும், அறிக்கை பண்ணச் சொல்லும்மா" என்று ஓர் அக்கா என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது சிலருக்கு நன்றாக வரும். அன்றைக்கு அவருக்கு நான் காப்பிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்பார்கள். அழுது முடித்துவிட்டு நானே பட்டறையைத் திறந்தேன். பெஞ்சுப் பலகைகள் பாதி அறுத்தபடி கிடந்தன. அதை முடிக்காவிட்டால் என் வீட்டுக்காரர் ஆலயத்துக்குள் இனி கால் வைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என் பயம். விரலைவிட அவருடைய விசுவாசம் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

எனக்குப் பெரிய ஜெபமெல்லாம் வராது. மிஷின் முன்னால் நின்று தினமும் ஒரே வரியைச் சொல்வேன். ஆண்டவரே, எனக்கு வலிக்கக் கூடாது.

மெல்லிய பலகைகளை எப்படியோ அறுத்தேன். ரம்பமோ, தாயைக் கண்ட கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது போல, என் பக்கமே வந்துகொண்டிருந்தது. என் கையில் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பெஞ்சின் கால்களுக்குத் தடித்த கட்டை அறுக்க வேண்டிய நாள் வந்தது. கட்டை குட்டையாக இருந்ததால் இடது கையை ரம்பத்தின் வழியிலேயே அழுத்தி வைத்திருந்தேன். ஜெபித்தேன். சுவிட்சைப் போட்டேன். வலது கையால் பிடியைப் பற்றினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"வலிக்கல்லே சேச்சி, வலிக்கல்லே."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கேட்ட வார்த்தையே வந்துவிட்டதே. வலிக்காது என்று யாரோ எனக்குச் சொல்கிறார்களே. இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு அப்படியே திரும்பினேன். முன்பின் பார்க்காத ஒரு பெண் வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடி சுவிட்சை அணைத்தாள்.

திரும்பிப் பார்த்தேன். அதற்குள் யாரும் தொடாத ரம்பம் தானாக முன்னால் சரிந்து வந்து, கட்டையை அறுத்துவிட்டு, முன்பக்க முனையில் சுற்றிக்கொண்டிருந்தது. என் இடது கை இருந்த இடத்தில் புது மரத்தூள் கிடந்தது.

"ஞான் பறஞ்ஞது கேட்டில்லே?" என்றாள் அவள் மூச்சு வாங்க.

"கேட்டேன், அதான திரும்புனேன். எனக்கு வலிக்காதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் புரிந்துகொண்டு மரத்தூளிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "ஐயோ சேச்சி, வலிக்கல்லேன்னா எங்க பாஷையில இழுக்காதேன்னு அர்த்தம்."

இத்தனை வருஷம் இந்த ஊரில் மலையாளத்தில் மீன் பேரம் பேசியவள் நான். எனக்கு அது தெரியாதா? பயம் வந்தால் காது தாய்மொழிக்கு ஓடிவிடுகிறது, அவ்வளவுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவள் பெயர் ஷைனி. தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலை கற்பிக்கிறவள். மேலே வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்து, கட்டில் கேட்க இறங்கி வந்தவள். நான் பிடித்திருக்கும்போதே ரம்பம் முன்னால் நழுவுவதை வாசலிலிருந்தே கவனித்திருக்கிறாள்.

ரம்பம் சுற்றி ஓய்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இரும்புக் கையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழ் பின்பக்கம் ஓடியது. முன்பக்கம் தாழ்ந்திருந்தது. தரையில் வைத்தாள், அங்கும் அப்படித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழை ஊர்க்காரர்கள் நாங்கள் எந்தத் தரை போட்டாலும் தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிவாகத்தான் போடுவோம். புதுக் கொட்டகைக்கும் கொத்தனார் அப்படியே போட்டிருந்தார். அதன்மேல் மிஷினைத் தூக்கி வைத்துவிட்டோம். ரம்பம் சரிவில் உருண்டு ஆளை நோக்கி வந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடினேன். "ஏங்க, ஒரு பென்சில் எடுத்துட்டு வாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

முனகிக்கொண்டே வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். மேசையில் பென்சிலை வைக்கச் சொன்னேன். அது முன்னால் உருண்டு அவர் காலடியில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. கட்டுப் பிரித்த அந்த இடது கையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என்னைய அடிச்சது அவரு இல்ல" என்றார்.

என் புருஷன் குலுங்கி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடத்திலேயே மூவரும் முழங்கால் போட்டோம். ஷைனி அவளுடைய பாஷையில் ஜெபித்தாள். அன்று எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பாகக் கேட்கவில்லை.

பிறகு மிஷினின் முன்கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, அந்த இரும்புக் கை பின்பக்கம் துளி சரியும்வரை அவரே உயர்த்தினார். இப்போது பிடியை விட்டால் ரம்பம் தானாகத் தூணுக்குத் திரும்பிப் போய் நிற்கிறது. பல் முன்னால் சாய்ந்த பிளேடு மரத்தில் ஏறிப் பாயும் என்று ஷைனி சொன்னதால் அதையும் மாற்றினோம். மூலமட்டம் வைத்து வெட்டு நேராக விழுகிறதா என்று பார்ப்பதும் அவர்தான். நான் வளையலைக் கழற்றி, தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொண்டு, கட்டையைப் பின் தடுப்போடு ஒட்டி வைப்பேன். ரம்பம் போகும் வழியிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் கை. கட்டை குட்டையாக இருந்தால் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். முழு வேகம் வந்த பிறகே மெதுவாக இழுப்பேன், அறுத்ததும் பின்னால் தள்ளிவிட்டு, அணைத்து, நிற்கும்வரை கையை நீட்ட மாட்டேன். ஜெபித்துவிட்டோமே என்று இதில் ஒன்றையும் விடுவதில்லை. கேட்டதைக் கொடுத்தவர் கொடுத்த விதத்தையும் மதிக்க வேண்டும் அல்லவா.

கிறிஸ்துமஸுக்கு முன் பெஞ்சுகள் ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ரத்தம் பட்ட பலகையை அவர் தூக்கிப் போடவில்லை. இழைத்து, கடைசி பெஞ்சுக்கு வைத்தார். ஞாயிறுதோறும் அதில்தான் உட்காருகிறார். மிஷினின் பிடிக்கு மேலே சிவப்புப் பெயின்டில் தமிழ் எழுத்தில் ‘வலிக்கல்லே’ என்று எழுதியும் வைத்திருக்கிறார். குளிர் நாட்களில் கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் அந்த எழுத்தைக் காட்டுவார்.

உங்களில் யாராவது இன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். அடித்தவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டும் இருக்கலாம். நானும் என் வீட்டுக்காரரும் சொல்கிறோம், நம்பிக் கேளுங்கள். ஒரு வரி போதும். நான் வலிக்கக் கூடாது என்று கேட்டேன், அவர் இழுக்காதே என்று பதில் சொன்னார். தப்பாகத்தான் கேட்டேன், ஆனால் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் திரும்பிப் பாருங்கள்.