மச்சில் இருந்த மரநாய்

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த வீட்டின் மச்சில் எலி ஓடியது. தங்க வந்தவர்களிடம் அதை எலி என்று சொல்லக் கூடாது. மரநாய் என்று சொல்ல வேண்டும். அது மாமாவின் ஏற்பாடு.

வீடு எங்களுடையது இல்லை. இக்காவுடையது. தெருவே அவரை இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படித்தான். பழைய ஓட்டு வீடு. முன்பக்கத்து மூன்று அறைகளையும் ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார். முன்பு விறகு போட்டுவைத்த பின்னறையில் அம்மா, மாமா, நான். அப்பா களமசேரியில் ஒரு கம்பெனிக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை வருவார். மாமா அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். பெட்டி தூக்குவது, கக்கூஸ் கழுவுவது, சாயா போடுவது எல்லாம் அவர். அம்மாவுக்குச் சமையல். மாமா வேலையில் இருக்கும்வரை பின்னறை எங்களுக்கு.

சந்து முழுக்க மிளகுக் கிடங்கும் அரிசிக் கிடங்கும். எலிகள் அங்கே தின்றுவிட்டு எங்கள் மச்சுக்குப் படுக்க வந்தன. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த மச்சு அது. நாலு எலி சேர்ந்து ஓடினால் யாரோ பெஞ்சை இழுப்பதுபோல் கேட்கும்.

ஒரு தடவை வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பயந்துபோய் மேலே கையைக் காட்டினார்கள். மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“நோ ராட் சார். ஃபாரஸ்ட் அனிமல். வெரி ஷை. யூ லக்கி.”

அவர்களுக்கு ஒரே சந்தோஷம். போனை மச்சுக்கு நேரே பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். போனபிறகு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். இக்கா மாமாவின் முதுகில் தட்டினார். “எடா, நீ ஆளு கொள்ளாமல்லோ.” ஆள் கெட்டிக்காரன்தான் என்று அர்த்தம். அன்றிலிருந்து மரநாய் வீட்டோடு சேர்ந்துவிட்டது.

விடிந்ததும் அந்த மரநாய்களை எலிக்கூண்டோடு தண்ணீரில் முக்குவதும் மாமாதான். செருப்புப் போடமாட்டார். மழைக்காலத்தில் காயல் ஏறினால் ஓடைத் தண்ணீர் பின்கட்டுக்குள் வந்து நிற்கும். வெடித்த குதிகாலோடு அதில்தான் நடப்பார். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சேச்சி வந்து, தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு தடவை போட மாத்திரை கொடுப்பார். “சீக்குக்காரன்தானே சேச்சி மருந்து சாப்பிடுவான்? என்னையப் பாருங்க” என்று மாமா சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சட்டை துவைக்கப் போகும்போது மாத்திரையும் கூடவே போகும்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா தங்க வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தனியாக வந்திருந்தார். குரல் பெரிது. வந்த அன்றே தலையணை வாடை அடிக்கிறது என்றார், ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். மறுநாள் காலையில் ஒரு சோப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டார். ஒரு ஓரம் முழுக்கக் கொறித்திருந்தது.

“ஏப்பா, மேல ஓடுறது மரநாய்னு சொன்னியே. மரநாய் சோப்புத் திங்குமா?”

“கேரளா மரநாய் திங்கும்மா” என்றார் மாமா.

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தலையில் குட்டினாள். கோயம்புத்தூர் அம்மா சிரிக்கவில்லை. இக்காவைப் போனில் கூப்பிட்டார். எலி மூத்திரம் எங்கெல்லாம் பட்டிருக்கும், தண்ணீர்ப் பானைக்கு மூடி எங்கே, பின்கட்டில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எங்கள் மாமாவைப் பொய்யன் ஆக்கிவிட்டார் என்று கோபம். மாமா பொய்தான் சொன்னார் என்பது அப்போது பெரிதாகப் படவில்லை.

மாமாவுக்கு அதற்கு முன்பே காய்ச்சல் இருந்தது. அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இக்காவுக்குத் தெரியக் கூடாது. அந்த வாரக் கடைசிக்கு மூன்று அறையும் பேசியாகிவிட்டது. மாமா படுத்தால் இக்கா வேறு ஆளைக் கொண்டுவருவார். வேறு ஆள் வந்தால் அவன் படுக்க இடம் வேண்டும். எங்கள் அறையைத் தவிர வேறு இடம் இல்லை. அதனால் மாமா காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நின்றார். சாயா டம்ளர்களை நான் கொண்டுபோய் வைத்தேன். யாராவது கேட்டால் மாமா கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்லி அம்மா உத்தரவு.

சனிக்கிழமை கோயம்புத்தூர் அம்மா கைகழுவப் பின்பக்கம் வந்தார். மாமா படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“கெண்டைக்கால் வலிக்குதா?”

“நின்னு நின்னு வேல பாக்குறதுலம்மா.”

“நிமிந்து என்னையப் பாரு.”

மாமா பார்த்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அந்த அம்மா மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு போட்ட சத்தத்தில் பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இக்கா ஓடிவந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று எனக்கும் தெரிந்தது.

“சாதாரண பனியாக்கும் அம்மா” என்றார் இக்கா. பனி என்றால் இங்கே காய்ச்சல். “மழக்காலமில்லையா? நாள மாறும்.”

“நாளைக்கு இவன் மாறிடுவான். பொணமா மாறிடுவான். வண்டியை எடுங்க.”

“நீங்க வேணும்னா வேற ரூம் பாத்துக்கோங்க. காச நான் திருப்பித் தாரேன்.”

“உங்க காசு யாருக்கு வேணும்?”

பெட்டியை இழுத்துவந்து வாசல்படி நடுவில் போட்டார், அதன்மேல் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வைட்டிலா பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. அறை பேசியிருந்த குடும்பம், இரண்டு பிள்ளைகள். கோயம்புத்தூர் அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: “உள்ள எலி இருக்கு. எலிக் காய்ச்சல்ல ஒருத்தன் கிடக்கான். குழந்தைகளோட தங்குறதுன்னா தங்குங்க.” யாரும் இறங்காமலே ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

அம்மா என் காதருகில் சொன்னாள்: “பாவி. நம்ம வயித்துல அடிச்சுட்டா.”

நானும் மனசுக்குள் சொன்னேன், பாவி.

இக்கா ஆட்டோ போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமாவை எழுந்து நிற்கச் சொன்னார். கோபத்தில்தான் சொன்னார். மாமா எழுந்தார், அப்படியே சரிந்தார். இக்காதான் தாங்கிப் பிடித்தார். பிடித்த கை சுட்டிருக்க வேண்டும். அவர் முகம் மாறிவிட்டது. “படச்சோனே” என்றார். யாரையும் கேட்காமல் மாமாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்த் தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தார். அம்மா செருப்பு இல்லாமல் ஏறினாள். கார் எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது.

அப்போதுதான் அந்த அம்மா பெட்டியை விட்டு எழுந்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார். கொதிக்கவைத்த தண்ணீரா என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். என்னை இக்காவின் மனைவி தன் வீட்டில் வைத்துக்கொண்டார். இத்தா என்று கூப்பிடுவேன். அரிசிமாவில் பத்திரி சுட்டுத் தருவார், தன் மகள் பக்கத்தில் படுக்கவைப்பார். காலையில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து இத்தாவின் போனுக்குப் பேசுவாள். சாயங்காலம், போகும்போது நம்பர் வாங்கிப்போன கோயம்புத்தூர் அம்மா அதே போனில் வருவார். இத்தாவுக்கு அவர் தமிழ் பிடிபடாது, போனை என் காதில் வைத்துவிடுவார்.

“கண்ணு, மாமன் ஒண்ணுக்குப் போனானா?”

முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்பார்கள். இதையா கேட்பார்கள்? தெரியவில்லை என்றேன்.

“அம்மாட்டக் கேட்டுச் சொல்லு. மறந்துறாத.”

மறுநாள் காலையில் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. “இல்லடி” என்றாள். சாயங்காலம் அதையே சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. பிரஷர் குக்கர் விசில் அடித்தது கேட்டது. யாரும் அதை அணைக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த நாட்களிலும் அதே கேள்வி. வேறு ஒன்றும் கேட்டதில்லை. எலியை ஒழித்தார்களா என்றுகூடக் கேட்கவில்லை. மாமா கண் மஞ்சளாகிவிட்டது என்று அம்மா சொன்னதை நானாகச் சொன்னேன். “அது போயிரும். ஒண்ணுக்குப் போனானா?” என்றார். இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று நானும் இத்தாவின் மகளும் முடிவு செய்தோம்.

ஒரு நாள் காலையில் போனில் அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. “போயிட்டான்டி. நல்லாப் போறான். டாக்டரே சிரிச்சாரு.” சாயங்காலம் போன் அடித்ததும் அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்.

“போனாருங்க. நெறையப் போனாருங்க.”

அவர் அழுதார். பெரிய குரல்காரர், அழுகையும் பெரிதாகத்தான் இருந்தது. இத்தாவுக்கும் கேட்டது. செத்துப்போனாரோ என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். நான் பயந்துபோய், “அழாதீங்க, நல்லாத்தான் இருக்காரு” என்றேன்.

“தெரியுது கண்ணு. நல்லாப் படி” என்று வைத்துவிட்டார். அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

மாமா பாதி ஆளாகத் திரும்பிவந்தார். வந்ததும் பேச்சு மட்டும் திரும்பிவிட்டது. “நான் மூத்திரம் போனதுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு ஆள் அழுதாங்கன்னா, நான் எப்பேர்ப்பட்ட ஆளு” என்பார். மச்சுப் பலகையை இக்கா மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிட்டார். ஓட்டுக்குக் கீழே கம்பிவலை அடித்தார், பின்கட்டை மேடாக்கி சிமெண்ட் பூசினார். மாமாவுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்தார். வேறு ஆளைக் கொண்டுவரவில்லை. மாமா எழுந்து நடக்கும்வரை முன்னறைகளைப் பூட்டியே வைத்திருந்தார். அந்த மனுஷருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அம்மா அந்த அம்மாவைப் பாவி என்று பிறகு சொன்னதில்லை. அவர் பேச்சு வந்தால் கையெடுத்துக் கும்பிடுவாள், அவ்வளவுதான்.

இப்போது நானும் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறேன். மழை பிடித்தால் சேச்சி தரும் மாத்திரையைச் சோறு தின்றதும் போட்டுக்கொள்கிறேன். அந்தக் காய்ச்சல் முற்றினால் சிறுநீரகத்தை நிறுத்திவிடும் என்றும், அது நின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றும் அந்தச் சேச்சிதான் எனக்குச் சொன்னார். கோயம்புத்தூர் அம்மாவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் அந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்க வேண்டும். யாருக்காகக் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று அத்தனை நாள் போனில் பேசியும் நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.