ஒன்பது இலையில் சாப்பிட்டது யார்?

போன செவ்வாய்க்கிழமை ஓர் அரசாங்க அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பாங் நடேசன். உண்மைப் பெயர் அதுவல்ல. அந்த மனிதரைப் பற்றி ஃபைலில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பது போதாதா... நான் வேறு எழுத வேண்டுமா?

'பாங்' என்றால் மலாயில் அண்ணன். எங்கள் ஊர் காஜா பெராங்கில் எனக்கு அடுத்த வேலிக்காரர், கம்போங் செட்டி மனிதர் — தலைமுறைகளுக்கு முன்பே வந்து தமிழை மறந்துவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும். வாயைத் திறந்தால் மலாய். சாமி பெயர்களைத் தள்ளிவிட்டால் பத்துத் தமிழ் வார்த்தை தேறாது. நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார் என்பதால் என்னை 'சிக்கு' என்பார். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

ஏழு வருஷமாக அவர் டெம்பரரி கிளார்க். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள், காலியிடங்கள் வந்தன. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிரந்தரமானார்கள். இவருக்கு மட்டும் மூன்று தடவை விண்ணப்பித்தும் ஒற்றை வரிக் கடிதம் — வருந்துகிறோம். காரணம்? கிடையாது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் டெம்பரரிதான்.

"சிக்கு, நீங்க நாலு எழுத்து படிச்சவரு. கூட வந்து என்ன காரணம்னு கேளுங்களேன்" என்றார். போனேன்.

டை கட்டிய இளம் அதிகாரி. ஃபைலைத் திறந்தார், படித்தார், மூடினார்.

"ரகசியம். காட்ட முடியாது."

"என் ஃபைல்தானே, துவான்?" என்று ஐயா போட்டுக் கேட்டார் பாங்.

"உங்களைப் பத்தின ஃபைல். உங்க ஃபைல் இல்ல."

என்ன அழகான சட்டம் பாருங்கள்! நம்மைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். அவர்களுக்கு என்ன தெரியும் என்று நாம் தெரிந்துகொள்ளக் கூடாது. கொடியை மாற்றினோம், பாட்டை மாற்றினோம். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஃபைல் அலமாரியை அப்படியே வைத்துக்கொண்டோம்.

பாங்கின் முகத்தைப் பார்த்து அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன். உங்க வீட்டுல நாலு பேரு. பொங்கலுக்கு முதல் நாள் ஒன்பது இலை போட்டு சோறு வச்சிருக்கீங்க. கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னீங்க. அப்புறம் நீங்களே மூணு தரம் கதவைத் தட்டிட்டு உள்ள போனீங்க. உள்ள இருந்தது யாரு?"

பாங் நடேசன் சிரித்துவிட்டார். "எங்க அப்பா, துவான். அவரோட அண்ணன். எங்க தாத்தா... எல்லாரும் செத்துப்போனவங்க!"

அதிகாரி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஒன்பது இலை, மூன்று தட்டு... அத்தனையும் நான் சொன்னது!

சுதந்திரத்துக்கு முன், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம். காட்டில் ஒளிந்திருக்கும் அவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தாலும் ஜெயில். ஜாலான் பெண்டஹாரா கோப்பிக் கடையில் ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாதாரணச் சட்டை, சிரித்த முகம். உளவுக்காரர் என்று சட்டை சொல்லவில்லை, கேள்வி சொன்னது.

"உங்க தம்பி புக்கிட் ரம்பாய் பக்கம் யூனியன்ல இருக்காராமே?"

கோப்பியைக் கீழே வைத்தேன். யூனியன் என்றாலே கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்படும் காலம். அவரே தொடர்ந்தார். "அது கிடக்கட்டும். அக்கம்பக்கத்துல வித்தியாசமா ஏதாச்சும்...?"

தம்பி மேலிருந்து அந்தக் கண்ணை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. வேலிக்கு மேலாகப் பார்த்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன்.

பொய்யில்லை. தெரியாதுதான். தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். "அது முன்னோருக்கு வைக்கும் பர்ச்சுப் படையல். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக் கதவைச் சாத்துவோம். திடுக்கிடக் கூடாதே என்று தட்டிவிட்டு உள்ளே போவோம்" என்று பாங் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். நான் ஏன் கேட்கவில்லை? தமிழே தெரியாதவர்களுக்கு என்ன சாங்கியம் தெரியப்போகிறது என்ற இளக்காரம்! இத்தனைக்கும் என் வீட்டிலேயே படையல் போட்டுக் கதவைச் சாத்துகிறோம். வாத்தியாராம் வாத்தியார்... வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை தனியாக அதே அதிகாரியிடம் போய் நின்றேன்.

"துவான், அதைச் சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். வாபஸ் வாங்கிக்கிறேன்."

"யார் சொன்னாங்கன்னு நான் வெளிய சொல்லக் கூடாது, சிக்கு. அப்போ நீங்கதான்னு நான் எப்படி ஒத்துக்குவேன்?"

"வேற வழியே இல்லையா?"

"அவரு அப்பீல் போடலாம். இந்த மாசக் கடைசிக்குள்ள. சொன்னவரு யாரு, எதுக்குச் சொன்னாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா எழுதலாம். எங்க கிட்டேருந்து அது தெரியவராது."

ஆக, அந்த அலமாரியின் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

இதற்கிடையில் பாங் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டுக் கரிக்கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்திருப்பார் என்று அவருடன் பேச்சை நிறுத்திவிட்டார். நேற்று என்னிடம் வேலியருகே வந்து, "உங்களை மாதிரி அண்டைவீட்டுக்காரர் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும், சிக்கு" என்றார். கையில் எங்களுக்காக ஒரு தட்டு பலகாரம். வாங்கிக்கொண்டேன். என் வாய் திறக்கவில்லை, வாசகர்களே. தின்பதற்கு மட்டும் திறந்தது.

அதனால்தான் இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் உங்களிடம் கொட்டுகிறேன். ஊரறிய ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். எழுதி முடித்து, வழக்கம்போல் என் மனைவி கமலத்திடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்தாள். தாளை மடித்து என் கையில் திணித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்கிற தைரியம்! என்னாங்க... அந்த உளவுக்காரன் கிட்ட மட்டும் அன்னைக்கு மலாய்லதானே சொன்னீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டேன். வேலியைத் தாண்டி பாங் வீட்டுக்கு நாலு எட்டு. மூன்று தரம் தட்ட வேண்டும்.