ஒரு விரல் இடைவெளி

வளர்ப்பு அப்பா அடிக்க ஆரம்பித்தால் தன் கை வலிக்கும்வரை அடிப்பார். முதலில் கன்னம், பிறகு பெல்ட். அண்ணனுக்குப் பதினொரு வயது, தங்கைக்கு எட்டு. நாதியற்ற பிள்ளைகள் என்று குழந்தைகள் நலத்துறை அந்த வீட்டில் விட்டிருந்தது. ஒரு மாலை தட்டு ஒன்று கைதவறி உடைந்தது. அதற்கு அவர் விட்ட அறையில் தங்கையின் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. குறுக்கே பாய்ந்த அண்ணனின் கையைப் பிடித்து முறுக்கினார். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. தங்கையின் அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

பிள்ளை சுருண்டு விழுந்து அலறினால் அந்த ஆள் இரண்டாவது அடியோடு நிறுத்திவிடுகிறார் என்பதை அண்ணன் கவனித்து வைத்திருந்தான். கைக்கட்டு பிரித்த மறுநாளே கொல்லைப்புறத்தில் பயிற்சி தொடங்கியது.

"கையைப் பார்க்காதடி, தோளைப் பாரு. தோள் அசைஞ்சதும் மூஞ்சியைத் திருப்பிடு. என் கைக்கும் உனக்கும் ஒரு விரல் இடைவெளி. அந்தாளு கை உரசத்தான் செய்யும், ஆனா காது தப்பிச்சிடும்."

"சத்தம்?"

"உன் தொடையில நீயே தட்டு."

"விழறப்போ முட்டி வலிக்குதுண்ணா."

"முட்டியில ஏன் விழறே கழுதை? இடுப்புல விழு!"

ஒரு மாதம் பலித்தது. பிறகு ஒருநாள் நலத்துறை அம்மா சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைப்பக்கமாக வந்தார். அண்ணனின் கை வீசியதையும் தங்கை அலறி விழுந்ததையும்தான் அவர் பார்த்தார்.

"எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டேன் மேடம்," என்றார் வளர்ப்பு அப்பா, தங்கையின் தோளில் கை வைத்தபடி. "இவன்தான் புள்ளையைப் போட்டு அடிக்கிறான்."

"அப்படியாம்மா?"

தோளிலிருந்த விரல்கள் எலும்பைத் தேடி அழுத்தின. தங்கை தலையாட்டினாள்.

அன்றே அண்ணனை ஒரு விடுதிக்கு அனுப்பினார்கள். 'தங்கையை அடிப்பவன், பார்க்க அனுமதி இல்லை' என்று கோப்பில் ஏறியது. தங்கை இன்னும் பத்து வருடம் அங்கேயே இருந்தாள். அதற்கு விலை இரண்டு பற்களும் ஒரு தோள்பட்டை எலும்பும்.

பதினெட்டு வயதில் வெளியே வந்து, லேத் பட்டறையில் வேலை பார்த்த அண்ணனைத் தேடிப் பிடித்தாள். அந்தத் தலையாட்டலைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. நாடகக் குழுவில் சேர்ந்தாள், அங்கிருந்து சினிமா. மாடிப்படியில் உருள வேண்டுமா, கழுத்தை நெரிக்க வேண்டுமா, கூப்பிடு அவளை. பதினான்கு படங்களில் செத்திருக்கிறாள். அத்தனையையும் அண்ணன் முதல் நாளே பார்த்திருக்கிறான்.

பதினைந்தாவதில் முதன்முதலாகக் கதாநாயகி. அறை வாங்கும் காட்சியில் இயக்குநர் பிடிவாதமாக நின்றார். "ஒரே ஒரு அடி. நிஜமா விழணும்."

"என் மேல கை பட்டா இந்த வேஷமே வேண்டாம் சார்."

"அப்போ வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

சாப்பாடு கொண்டுவந்து ஓரமாக நின்றிருந்த அண்ணனை அவள் திரும்பிப் பார்த்தாள். "இவர் ஒரு தடவை செஞ்சு காட்டட்டும். பிடிக்கலைன்னா நான் போயிடறேன்."

"இத்தனை பேர் முன்னாடியா? வேண்டாம்மா," என்றான் அண்ணன்.

"தோளைத்தான் பார்ப்பேன். வீசுண்ணா."

வீசினான். பளாரென்று அறை அதிர்ந்தது. அவள் மேசைமேல் மோதிச் சரிந்தாள். கண்ணாடி ஜாடி தரையில் சிதறியது. விளக்குக்காரர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அண்ணனின் மூக்கில் குத்தினார். "பொம்பளைப் புள்ளையவாடா அடிக்கிறே!" இன்னொரு குத்து. வாயெல்லாம் ரத்தம். அண்ணன் தடுக்கக்கூட இல்லை.

"விடுங்க அவரை!" கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு தங்கை நடுவில் புகுந்தாள். "அவர் கை என் மேல படவே இல்லை. என்னை இவர் அடிச்சதே இல்லை. ஒரு நாளும் அடிச்சதில்லை!"

அவள் கத்திய கத்தலில் விளக்குக்காரரின் கை தானாக இறங்கியது. இயக்குநர் அவள் கன்னத்தை அருகில் வந்து பார்த்தார். சிவப்புகூட இல்லை. காட்சியில் அவளை அறைய வேண்டிய நாயகன் பக்கம் திரும்பி, "இவர்கிட்ட கத்துக்கோ," என்றார்.

அண்ணன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"இப்பவும் முட்டியிலதான் விழுந்தே, கழுதை."