சிவப்பு நூல் கட்டிய தொண்டை எலும்புகள்

மட்டக்களப்புக் கடலோர டச்பாரில் ஹெக்டரின் வீட்டில் சுனாமி அலை விட்டுவைத்தது அத்திவாரத்தையும் கிணற்றையும்தான். மனைவி மியூரியல் கிடைக்கவேயில்லை. மூன்றாம் நாள் தாழம்பற்றைக்குள் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே திலாப்பியா மீனின், இரை அரைக்கும் பற்கள் கொண்ட தொண்டை எலும்புகள், இருபத்திநான்கு.

ஹெக்டர் பள்ளிக்கூட விலங்கியல் அறை உதவியாளர். மீனை அவித்துச் சதை கழற்றி எலும்பைக் காயவைப்பது அவர் வேலை. அந்த டினில் பாதி மட்டக்களப்பு வாவி மீன், பாதி உன்னிச்சைக் குளத்து மீன். ஒரே சாதிதான். ஆனால் ஒரு தண்ணீரில் வளர்ந்ததற்குத் தொண்டை எலும்பு தடிப்பு, பற்கள் மொட்டை. மற்றதற்கு எலும்பு மெல்லிசு, பற்கள் ஊசி. கலந்துவிடாமலிருக்கத் தையல்காரி மியூரியல் தடித்ததற்குச் சிவப்பு நூலும் மெல்லியதற்கு நீல நூலும் கட்டினாள். எந்த நிறம் எந்தத் தண்ணீர் என்று எழுதிய சீட்டைக் கடல் கரைத்துவிட்டது.

ஹெக்டருக்கும் நினைவில் நிற்கவில்லை. கேட்க ஆளில்லை. மகன் எறோல் மெல்பேணில். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

விலங்கியல் ஆசிரியர் நல்லரத்தினம் கேட்டபோது, நீலம்தான் வாவி என்று ஹெக்டர் அடித்துச் சொன்னார். வாவி நீலம்தானே என்ற ஊகம், அவ்வளவுதான். எலும்புகள் பள்ளிக்கூடக் கண்ணாடி அலுமாரிக்குப் போயின, அது எழுதி ஒட்டப்பட்டது. ஐந்து வருடமாகப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள்.

சரிபார்க்க ஒரு வாவி மீன் போதும். ஹெக்டரால் வாங்க முடியவில்லை. பிணம் தின்ற மீன் என்று அலைக்குப் பிறகு ஊரே மீனைத் தொடாமல்தான் இருந்தது. மற்றவர்கள் ஆறு மாதத்தில் மறந்தார்கள். அவர் மறக்கவில்லை. கல்லடிப் பாலத்தடியில் மீன் விற்கும் மீராசாஹிப், சைவத்துக்கு மாறிவிட்டீர்களா என்று ஒவ்வொரு நாளும் சீண்டுவார்.

சண்டை முடிந்த வருடம் உன்னிச்சைப் பாதையில் கெடுபிடி குறைந்தது. ஹெக்டர் பஸ் ஏறிப்போய், அலை எட்டாத குளத்து மீன் வாங்கிவந்து அவித்தார். எலும்பு மெல்லிசு. நீல நூலின் சோடி.

அடுத்த நாள் ஆசிரியர் முன் போய் நின்றார்.

"அஞ்சு வருசமா பிழையாச் சொல்லிட்டன் சேர். அத மாத்துங்க."

நல்லரத்தினம் கோபிக்கவில்லை. "குளத்து மீன் மட்டும் காணாது ஹெக்டர். வாவி மீனும் மெல்லிசா இருந்தா? எது எதெண்டு தெரியாட்டி இதுகள வீசத்தான் வேணும்."

இருபத்திநான்கு முடிச்சு. மியூரியலின் விரல் பட்டதில் மிஞ்சியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஹெக்டர் பாலத்தடிக்குப் போனார். மீராசாஹிப் பகிடி விடவில்லை. குடல் எடுக்கவா என்று மட்டும் கேட்டார்.

"வேணாம். என்னத்த திண்டிருக்கெண்டு பாக்கணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மீராசாஹிப் குனிந்து மீனைச் சுற்றிக் கொடுத்தார். இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வீட்டில் வயிற்றைக் கீறினார். நொறுங்கிய நத்தை ஓடு. வேறொன்றுமில்லை. அவித்தபோது தொண்டை எலும்பு தடித்திருந்தது. நத்தையை உடைத்து உடைத்தே மொட்டையான பற்கள். சிவப்பு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாவி மீனை அவித்தது டிசம்பரில். மியூரியலின் மெசினில் கோர்த்திருந்தது நத்தார்ப் பண்டிகைச் சட்டைக்கான சிவப்பு நூல். கையில் அகப்பட்டதை அறுத்துக் கட்டியிருக்கிறாள், வேறு காரணம் இல்லை.

புது எலும்புக்குத் தானே ஒரு சிவப்பு நூல் கட்டினார். முடிச்சு அவளுடையது போல வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த டினுக்குள் வைத்து மூடினார்.

சட்டியில் சதை ஆறிக் கிடந்தது. உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.