அவர்கள் வெட்டி எடுத்த கேள்வி

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? என் மகன் டி.வி. பேட்டியில் என்ன சொன்னான் என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? என் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டு இதுவரை யாரும் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. இதைக் கேட்க மட்டும் வரிசையாக வருகிறீர்கள். சரி, வந்தாயிற்று, உட்காருங்கள். நடுவில் எழுந்து போனால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பேன்.

எனக்கு ஒரே மகன். பிரான்சில் விஞ்ஞானியாக இருக்கிறான். உடம்பில் கட்டி எப்படி உண்டாகிறது, எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் அவன் வேலை. அங்கே போயும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை விட்டதில்லை. என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவரால்தான் மகன் அங்கே போய்ப் படித்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் மட்டும். காலையில் வீராம்பட்டினத்திலிருந்து மீன்காரி கூடையோடு வருவாள். அவள் வராத நாளில் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துவிடும்.

அவருக்கு வயிற்றில் கட்டி வந்தபோது, ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் திறந்திருந்த காலம். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிப்போர்ட்டை ஒரு கடையில் கொடுத்து மகனுக்கு அனுப்பினோம். மறுநாள் போன் செய்தான். "அம்மா, மாதா கோயில்ல நவநாள் வையி. நம்பிக்கையா இரு" என்றான். விஞ்ஞானியே சொல்லிவிட்டான், பிறகென்ன என்று நான் ஒன்பது நாளும் சாயங்காலம் மெழுகுவத்தியோடு ஜெபத்துக்குக் கிளம்பினேன்.

அவருக்குச் சாயங்காலத்தில்தான் வலி கொஞ்சம் அடங்கும். அப்போதுதான் பேச ஆரம்பிப்பார். நான் செருப்பைத் தேடுவதைப் பார்த்து, "போ போ, மாதாகிட்டயாவது கொஞ்ச நேரம் பேசு, என் காது ஓயட்டும்" என்பார். நான் சிரித்துக்கொண்டே போவேன். திரும்பி வரும்போது நர்சம்மா வந்து ஊசி போட்டுத் தூங்கவைத்திருப்பார். நவநாள் முடிந்த அந்த வாரத்திலேயே அவரும் முடிந்தார்.

அடக்கத்துக்கு மகன் வந்தான். அழுதான், போனான். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒரே கேள்வி என் கூடவே குடியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்திருக்குமா, இல்லையா? தெரிந்திருந்தால், அந்தச் சாயங்காலங்களில் என்னை ஏன் கோயிலுக்கு அனுப்பினான்? குழம்பு கொதிக்கும்போது கேட்பேன், துணி மடிக்கும்போது கேட்பேன். போனில் அவன் குரல் வந்தால் மட்டும், "சாப்டியாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அப்படி ஒரு லீவில் அவன் வந்திருந்தபோது, உள்ளூர் கேபிள் டி.வி.யிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். நம் மண்ணின் மைந்தனாம். கேமராக்காரர் ஒருவர், கேள்வி கேட்பவர் ஒருவர். கேள்வி கேட்பவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு முந்தின மாசம், சாமி இல்லை என்று சொல்லும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரை உட்காரவைத்து, 'உங்க கல்யாணத்துல ஐயர் வந்தாரா, உடம்பு முடியலன்னா யார கூப்புடுவீங்க' என்று வேர்க்க வேர்க்கக் கேட்டவர். ஆகா, இன்றைக்கு என் மகனையும் ஒரு வழி பண்ணப்போகிறார் என்று ஆசையோடு காபி போட்டேன்.

அவர் அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னார்:

"ஆயா, பயப்படாதீங்க. சாமி விஷயத்துல சார சங்கடப்படுத்துற மாதிரி எதுவும் கேக்க மாட்டேன்."

"நான் எப்ப தம்பி பயந்தேன்?"

"இல்ல ஆயா, பக்தியானவங்க. மனசு நோகக்கூடாதுல்ல."

கேமரா ஓடியது. நான் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்தேன்.

"சார், சயின்ஸும் கடவுளும் உங்களுக்குள்ள சண்ட போட்டதே இல்ல, அப்படித்தானங்க சார்?"

"இல்லீங்க" என்றான் மகன்.

"அந்த நம்பிக்கதான் ஒங்களுக்கு பலம், இல்லீங்களா?"

"ஆமாங்க."

சபை நடுவில் பெண்ணை நிறுத்தி, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்பது மாதிரி. அதில் அவள் வேறென்ன சொல்ல முடியும்? அடுத்ததாக, அம்மா கையால் செய்வதில் எது பிடிக்கும் என்று கேட்டார். சுறாப்புட்டு என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். விருந்துக்குப் போய் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தவன் மாதிரி இருந்தான்.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். எல்லாப் பேட்டியிலும் இப்படி ஒன்று வைப்பார்களாம்.

"ஆயா, நீங்க மகன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. சும்மா, ஜாலியா."

அடுத்து எப்போது வருவாய் என்று கேட்பேன் என்று நினைத்திருப்பார். நானும் அதைத்தான் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏம்ப்பா, அப்பாவோட ரிப்போர்ட்டு அனுப்புனமே. பாத்த ஒடனே ஒனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் என்னையே பார்த்தான். "தெரிஞ்சுதும்மா."

"அப்பறம் எதுக்கு என்ன நவநாள் வைக்கச் சொன்ன?"

பேட்டிக்காரர் கேமராக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "ஆயா, இது வேணாமே..."

"இருங்க, அம்மா கேக்கட்டும்" என்றான் மகன்.

"சாயங்காலம் ஆனா அவர் நல்லாப் பேசுவாரு. நான் கோயில்ல ஒக்காந்துனு இருந்தேன்."

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஒன்னப் போகச் சொல்லியிருக்க மாட்டேன். போன்ல ஒன் குரலக் கேட்டப்ப, இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்ல வாய் வரல. நவநாள்தான் வந்துது."

"அப்ப என்ன ஏய்ச்சிட்டியா? கொழந்தைக்குக் கிலுகிலுப்ப குடுக்கற மாதிரி?"

"ஏய்க்கலம்மா. அதே நாளுல நானும் அங்க முட்டி போட்டேன்."

"என்னான்னு கேட்ட?"

"கட்டி கரையணும்னு."

"கரையாதுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"அது எப்படிப்பா?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தான். துடைக்கிறான், துடைக்கிறான், முடியவில்லை.

"தெரியலம்மா. என் லேப்ல எவனாவது இப்படி வேல செஞ்சா வெளிய அனுப்பிடுவேன். ஆனா அன்னிக்கு ரெண்டும் எனக்கு நெசமா இருந்துது. எப்படின்னா, தெரியல."

கேமராக்காரர் தானாகவே விளக்கை அணைத்தார்.

வாசலில் வண்டியில் சாமானை ஏற்றும்போது பேட்டிக்காரர் என்னைக் கடிந்துகொண்டார்.

"இப்படிக் கேக்கலாமா ஆயா? எவ்ளோ பெரிய மனுஷன்."

"போன மாசம் அந்த வாத்தியார அந்தக் கேள்வி கேட்டியே தம்பி?"

"அவரு தாங்குவாரு ஆயா."

"இவன் மட்டும் என்ன, கண்ணாடி டம்ளரா?"

அவர் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

மத்தியானம் சோறு போடும்போது மகன் தானாகப் பேசினான். "அங்க இருக்கறவங்க, இன்னுமா கோயிலுக்குப் போறன்னு கேலியா கேப்பாங்கம்மா. கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்க மாட்டாங்க. இங்க இருக்கறவங்க கும்புட்டுட்டுக் கேக்கறாங்க. பதிலையும் அவங்களே சொல்லிடறாங்க. நெசமா கேட்டது நீதான்."

"மொதல்லயே கேட்டிருந்தா?"

"அப்ப சொல்லியிருப்பேனான்னு தெரியல."

அன்றைக்கு அவனுக்குத் தெரியாதது ரொம்ப அதிகம். கிண்டல் பண்ண வாய் வரை வந்தது. அவன் குனிந்து சாப்பிடுகிற தலையில் நரையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

லீவு முடிந்து போய்விட்டான். நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆனது வேறு. குழம்பு கொதிக்கும்போது கேட்க ஒன்றும் இல்லை. அத்தனை வருஷமாக அந்தக் கேள்விதான் வீட்டில் எனக்குத் துணையாக இருந்திருக்கிறது. அதையும் நானே வெளியே அனுப்பிவிட்டேன். அவன் என்னைக் கோயிலுக்குப் பொய்யாக அனுப்பவில்லை என்று தெரிந்துவிட்டது, அது நல்லதுதான். ஆனால் அந்தச் சாயங்காலங்களில் அவர் யாரிடம் என்ன சொல்ல நினைத்தார் என்பதை எந்த விஞ்ஞானி வந்து சொல்லப்போகிறான்? இப்போதெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் நான் எங்கேயும் போவதில்லை. விளக்கைப் போட்டுவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கட்டில் பேசுவதில்லை.

பேட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சுறாப்புட்டு வந்தது, பலம் வந்தது. நான் கேட்டதை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடற்கரையைக் காட்டி வீணை வாசித்தார்கள். மரியாதையாம்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கேமராக்காரர் எங்கேயோ வாயை விட்டிருக்கிறார்.

"யக்கா, நீ என்னமோ கேட்டியாம், ஒன் புள்ள கண்ணக் கசக்குனானாம். டி.வி.ல ஒண்ணையும் காணோமே. என்னாதான் கேட்ட, என்னாதான் சொன்னான்?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"சாமியப் பத்திதான்டி கேட்டேன். தெரியலன்னு சொன்னான். அதச் சொல்றதுக்கு அவன் பிரான்சு வரைக்கும் போய்ப் படிக்க வேண்டியிருந்துது. நான் பாரு, இங்கயே ஒக்காந்துனு தெரியாம இருக்கேன்."