லூசியாவின் பெயர்

ஒரு பெண்ணின் பெயரை நான் மறைத்தேன். தெரிந்தே மறைத்தேன். இதை முதன்முதலாக உங்களிடம்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில் எமிலியோ என்ற இத்தாலிய ஓவியரைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் துறைமுகத்தை நீர்வண்ணத்தில் தீட்டியவர். நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். இளமையில் படகின் ஒவ்வொரு கயிற்றையும் விடாமல் வரைந்தவர், கடைசி ஆண்டுகளில் கோடுகளையே கைவிட்டார். வெறுந்தாளே பனிமூட்டமாயிற்று. அதற்கு ‘முதுமையின் துணிச்சல்’ என்று பெயரிட்டு, நான்கு வருட உழைப்பை அதன்மேல் கட்டியிருந்தேன்.

முடிக்கும் தறுவாயில், அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி ரோசா, மெல்பேர்ணிலேயே கார்ல்ட்டன் பகுதியில் தனியே வசிப்பதாக அறிந்து போனேன். எழுபதைக் கடந்தவள். கண்ணில் புரை விழுந்து பார்வை போயிருந்தது. ஒரு கடிதத்தை என் கையில் வைத்தாள். எமிலியோ நண்பருக்கு எழுதியது.

“வாதத்தில் வலக்கை போய்விட்டது. இப்போது வரைகிறவள் என் மகள் லூசியா. இடக்கையால் கையொப்பம் மட்டும் நான் இடுகிறேன்.”

“அம்மா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நீ எழுதுவாய்தானே?” என்றாள் ரோசா.

“எழுதுவேன்” என்றேன்.

எழுதவில்லை... எழுதினால் என் நான்கு வருடங்கள் என்னாவது? கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஆய்வேட்டை அப்படியே கொடுத்தேன். பட்டமும் கிடைத்தது.

அச்சுப்பிரதியை ரோசாவிடம் கொண்டுபோனேன். ஏன் போனேன்? இன்றுவரை விளங்கவில்லை.

“அம்மாவின் பெயர் எங்கே? என் விரலை அதில் வை” என்றாள்.

அவள் விரலைப் பிடித்து ஒரு வரியின்மேல் வைத்தேன். காகிதத்தின் தரத்தைப் பற்றிய வரி அது. அவள் அதைத் திரும்பத் திரும்பத் தடவினாள். “லூசியா” என்றாள், கூப்பிடுவதுபோல.

அந்தக் குளிர்காலத்தில் ரோசா இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போய்வந்து, குசினிக் கதிரையில் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண் தெரியாத மனுசியையே ஏமாத்தினனீங்கள்?”

“ஓம்.”

“கடிதம் உங்களிட்டத்தானே கிடக்கு. இப்பவெண்டாலும் எழுதலாமே?”

“எழுதுறன்” என்றேன்.

இரண்டு பெண்களிடம் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஒரு கண்காட்சியில் அந்தப் பனிமூட்டப் படங்களைப் பார்த்தேன். கீழே எமிலியோவின் பெயர். பக்கத்தில், விளக்கமாக, என் ஆய்வேட்டின் வரிகள்.